சாப்பிட்ட பின் இரண்டு மணி நேரம்

முதல் வாய் இட்லியிலிருந்து இரண்டு மணி நேரமா, கடைசி வாயிலிருந்து இரண்டு மணி நேரமா, அதைக் கேட்காமல் வந்துவிட்டோமே, கேட்டிருந்தால் நர்ஸ் சிரித்திருப்பாள், சிரித்தால் என்ன, முப்பத்து மூன்று வருடமாக நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைகிறவன், ஒரு கோடு மயிரிழை தள்ளிப்போனால் அன்றைக்குத் தூக்கம் வராதவன், நான் கேட்காமல் வேறு யார் கேட்பார்கள்... சுப்பராமன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார். எட்டு ஐந்து. வெறும் வயிற்றில் ஒரு தடவை ரத்தம் எடுத்தாயிற்று, இடது முழங்கை மடிப்பில் பஞ்சு ஒட்டியிருக்கிறது, எதிர் ஓட்டலில் நாலு இட்லி சாப்பிட்டாயிற்று, இனி ஒன்பது ஐம்பதுக்கு இன்னொரு தடவை ரத்தம், அதுவரை நடக்கக்கூடாது, வெயிலில் சுற்றக்கூடாது, காபி கூடாது, சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். பனகல் பார்க் பக்கத்துச் சந்தில் பழைய வீடு ஒன்று, கீழே லேப், மாடியில் டாக்டர். பொது வைத்தியர்தான், சனிக்கிழமை காலை மட்டும் சர்க்கரைக்காரர்களைப் பார்ப்பார். உள்ளே பெஞ்சு நிறைந்துவிட்டதால் சுப்பராமன் ஸ்கூட்டர் நிறுத்துமிடத்துச் சிமெண்டு மேடையில் வேப்பமர நிழலாகப் பார்த்து உட்கார்ந்திருந்தார். மயிலாப்பூரில் டாக்டர்களுக்கா பஞ்சம், குளத்தைச் சுற்றி வந்தால் ஏழெட்டுப் பேர், அங்கே சர்க்கரை இல்லாதவனைத்தான் விசித்திரமாகப் பார்ப்பார்கள், அதற்காகத் தி. நகர் வந்திருக்க வேண்டியதில்லை. இன்னொன்றைக் கேட்கத்தான் வந்தது. மூன்று வாரத்துக்கு முன்னால் முதல் தடவை வந்தபோதே கேட்டிருக்க வேண்டும், நாக்கு எழும்பவில்லை, இன்றைக்குக் கேட்டுவிட வேண்டும்... ஐம்பத்தேழு வயதில் ஒரு மனுஷன் தன் உடம்பைப் பற்றி டாக்டரிடம் ஒரு கேள்வி கேட்க இத்தனை ஒத்திகையா?

பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர் மாணிக்கவாசகம் என்று தன்னைச் சொல்லிக்கொண்டார், மாம்பலம், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், பன்னிரண்டு வருடச் சர்க்கரை, இந்த மேடையில் பன்னிரண்டு வருடமாக உட்காருகிறார் போல, துண்டை உதறிப் போட்டுக்கொண்ட விதத்திலேயே தெரிந்தது. புதுசா, என்றார். புதுசுதான். "அப்ப உங்களையும் டாக்டர் கேட்டிருப்பாரே! என்னைக் கேட்டாருங்க, வீட்ல சந்தோஷமா இருக்கீங்களான்னு. என் மாமியார் எங்களோடதான் இருக்காங்க, எப்படி சார் சந்தோஷம்னேன். மனுஷன் தலையில அடிச்சிக்கிட்டு, அதில்ல சார், ராத்திரி ராத்திரிங்கறாரு!" அவர் தொடையில் தட்டிச் சிரித்தார், சுப்பராமனும் சிரித்தார், சிரிக்க வேண்டிய இடம் அது என்று தெரிந்ததால். "சர்க்கரை வந்தா நரம்பு தளருமாமே, எல்லாரையும் கேக்கறாரு, கேட்டு மருந்தும் தர்றாரு, நல்ல மனுஷன்." எல்லாரையும் கேட்கிறார்... என்னைக் கேட்கவில்லை. முதல் நாள் நர்ஸ் மஞ்சள் அட்டையில் எழுதிக்கொண்டே வந்தாள், வயசு, எடை, குடிப்பழக்கம், மேரீடா சார், இல்லை, அடுத்த கட்டத்தில் ‘குடும்ப வாழ்க்கை’ என்று அச்சடித்திருந்தது, அதில் பேனாவால் சின்னதாக ஒரு கோடு இழுத்துவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டாள். டாக்டர் அட்டையைப் பார்த்தார், கோட்டைப் பார்த்தார், கால் எரிகிறதா என்று கேட்டார். அவ்வளவுதான். கல்யாணம் ஆகாதவனுக்கு உடம்பு என்று ஒன்று கால் எரிவதற்கு மட்டும்தான் இருக்கிறது. அளக்கப் போகாத நிலத்துக்கு நாங்களும் அப்படித்தான் வெள்ளையாக விட்டுவிட்டு நகர்வோம், அங்கே கிணறு இருக்கும், மரம் இருக்கும், யாரோ நடந்து நடந்து ஒற்றையடிப் பாதைகூட விழுந்திருக்கும்.

இருபத்திரண்டு வருடப் பாதை. எழுபத்து நாலில் திருவல்லிக்கேணியில் ஒரு தையல் கடை, டெரிகாட்டன் துணியில் பேண்ட் தைக்கக் கொடுக்கப் போனது, கட்டிங் மாஸ்டர் சர்தார் பாய் டேப்பைக் கழுத்திலிருந்து எடுத்து இடுப்பைச் சுற்றிப் பிடித்தபோது இரண்டு பேருமே மூச்சை ஒரு நொடி நிறுத்தினார்கள், அளவு சொல்ல மறந்துபோய், அப்புறம் சர்தார்தான், "இன்னா சார், முப்பத்தி ரெண்டா, முப்பத்தி நாலா, நீங்களே சொல்லுங்க" என்றார். பிறகு அந்தக் கடையே சர்தாருடையது ஆனது. ஞாயிற்றுக்கிழமை கடைக்கு விடுமுறை. மேலே துணி அடுக்கும் அறை, மத்தியானம் இரண்டு மணிக்கு மரப்படி ஏறினால் ஐந்து வரை அது வேறு ஊர். ஆரம்பத்தில் எப்படி இருந்தோம், கதவைத் தாழ் போடக்கூடப் பொறுமை இல்லாமல்... பின்னால் நிதானமாயிற்று, சர்தாருக்கு முட்டி வலி வந்தது, இவருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது, எப்படிச் சாய்ந்தால் யாருக்கு வலிக்காது என்று இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே கண்டுபிடித்தார்கள், அதில் ஒரு ருசி இருந்தது, இளமையில் தெரியாத ருசி. அன்வரி பேகம், சர்தாரின் மனைவி, ஏழு வருடத்துக்கு முன் இறந்தபோதுகூட நாற்பதாம் நாள் கழிந்த ஞாயிற்றுக்கிழமை சுப்பராமன் படியேறிப் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், ஐந்து மணிவரை உட்கார்ந்திருந்தார். எழுபது வயதிலும் இப்படியே படியேறுவோம் என்று நினைத்துக்கொண்டிருந்தது. போன பிப்ரவரியோடு நின்றுபோயிற்று. நான் நிறுத்தினேன்.

பிப்ரவரி ஞாயிறு. அதற்கு முந்தியும் இரண்டு மூன்று தடவை அப்படி ஆனதுதான், வெயில், களைப்பு, ஆபீஸ் கவலை என்று ஏதோ சொல்லிச் சமாளித்தது, அன்றைக்கு ஒன்றுமே இல்லை, ஆசை இருந்தது, மனசு முழுக்க இருந்தது, உடம்பு மட்டும் யாரோ மாதிரிக் கிடந்தது. சர்தார் இவர் கையை எடுத்துத் தன் கையில் வைத்துக்கொண்டார், ஏதாவது சொல்லியிருந்தால் தேவலை. திரும்பிப் படுத்துக்கொண்டு சுவரைப் பார்த்தது, அப்புறம் அக்கா ஜலஜாவுக்கு உடம்பு சரியில்லை என்றது, முழங்கால் வலி என்றது, ஆபீஸில் ஆடிட் என்றது, நாலு மாதம். கடைக்குப் போவார், கீழே நின்று, தொளதொளத்துப்போன பேண்ட்களைப் பிடித்துத் தைக்கக் கொடுப்பார், மாடிப்படியைப் பார்க்கமாட்டார். சர்தார் அளவு எடுக்கும்போது டேப்பு பட்டால் விலகிக்கொள்வார். திருவல்லிக்கேணிச் சுவர்களில் பசை காயாத நோட்டீஸ்கள், மாதம் மூன்றாம் தேதி லாட்ஜில் வைத்தியர் விஜயம், இழந்ததை மீட்கலாம், சேலம் ஏழாம் தேதி, மதுரை பதினொன்று... ஒரு தடவை லாட்ஜ் வாசல்வரை போனதும் உண்டு, வரிசையில் எல்லாம் புது மாப்பிள்ளைகள், இருபத்தைந்து வயதுப் பயந்த முகங்கள், இந்த நரைத்த தலையைப் பார்த்து ஒருவன் எழுந்து இடம் கொடுத்தான், அதோடு திரும்பிவிட்டார். எதற்குப் பயந்தேன்? அது முடியாவிட்டால் சர்தாருக்கு நான் யார்? கல்யாணம் என்றால் ரேஷன் கார்டு இருக்கிறது, பிள்ளைகள் இருக்கிறார்கள், மாமியார்கூட இருக்கிறாள், எது நின்றுபோனாலும் ஒருத்தரை ஒருத்தர் விட்டுப்போக முடியாது. எங்களுக்கு இருந்தது அந்தப் படியும் அந்த மூன்று மணி நேரமும்தான், அதற்குள் நடந்ததுதான், அது போனால் மேலே ஏறுவதற்கு என்ன காரணம் சொல்வது, எனக்கே?

மாணிக்கவாசகத்தைக் கூப்பிட்டுவிட்டார்கள், அவர் துண்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். எட்டு ஐம்பது. கேட் பக்கம் ஒரு வெள்ளை ஜிப்பா, வேர்த்து முதுகில் ஒட்டிக்கொண்டு, கையில் காகிதத்தில் சுற்றிய பேண்ட், போர்டைப் பார்த்தபடி தயங்குகிறது... சர்தார். இங்கே எப்படி, இந்த ஊர் வெளிச்சத்தில் எப்படி, சுப்பராமனுக்கு எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது, நடக்கக்கூடாது என்று நர்ஸ் சொல்லியிருக்கிறாள். "இன்னா சார், காலங்காத்தால இங்க வந்து உக்காந்துகினு கீறீங்க?" என்றார் சர்தார், உரக்க, வாடிக்கையாளரிடம் பேசுகிற குரலில், கண் மட்டும் வேறு ஏதோ பேசியது. நீ எங்க இங்கே, என்றார் சுப்பராமன். "பேண்ட் குடுக்கலாம்னு வூட்டுக்குப் போனேன். உங்க அக்காதான் சொல்லிச்சு, ஏதோ ரத்தப் பரிசோதனையாம், பனகல் பார்க்காண்டயாம், இன்னான்னு கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்கறான்னு கண்ணத் தொடச்சிகினுது. அப்டியே பஸ் ஏறிட்டேன்." சொல்லிவிட்டு மேடையில் உட்கார்ந்தார், நடுவில் பேண்ட் பொட்டலம். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் ஸ்கூட்டர்களைப் பார்த்தார்கள். "சுப்பு," என்றார் சர்தார். மாடியறைக்கு வெளியே அந்தப் பெயரை இருபத்திரண்டு வருடத்தில் அவர் சொன்னதில்லை. ஜிப்பாப் பையில் கைவிட்டு பிளாஸ்டிக் உறையில் நாலாக மடித்த தாள் ஒன்றை எடுத்தார், மடிப்பு கிழிகிற அளவுக்குப் பிரித்து மடித்துப் பழசாகியிருந்தது. "எனக்கு இல்லயாம்."

எது இல்லை, தாளில் பெயர்கூட இல்லை, ஒரு எண், கவர்மெண்ட் ஆஸ்பத்திரி முத்திரை, ஆங்கிலத்தில் ஒரு வரி, எச்.ஐ.வி. நெகடிவ், படித்ததும் சுப்பராமன் யாராவது பார்க்கிறார்களா என்று தாளைக் கவிழ்த்துப் பிடித்தார். "அதான்பா... டீவில காட்றானே, அது," சர்தார் குரலை இன்னும் இறக்கினார், "உனக்கு இடுப்பு முப்பத்தாறு. தீவாளிக்கு முப்பத்தஞ்சு புடிச்சேன். ஏப்ரல்ல முப்பத்திமூணு. நாப்பது வருசமா டேப்பு புடிக்கறவன், எனக்குத் தெரியாதா, இது வயசுல எளைக்கற எளப்பு இல்லன்னு? பேப்பர்லயும் போட்டுகினு கீறான், மொதல்ல எடைதான் எறங்கும்னு. மேல வர்றத நிறுத்திட்ட. தொட்டா நகுர்ற. சரி, எனக்கு வந்துடக் கூடாதுன்னு ஒதுங்கற, வாயால சொல்ல முடியாம கீற, அப்டின்னு நானா..." உனக்கு இருந்தால் எனக்கும் இருக்குமே, இருக்கட்டும், இரண்டு பேருமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று தானே போய் ரத்தம் கொடுத்தாராம். எட்டு நாள் கழித்து வரச் சொன்னார்களாம். எந்தப் பொம்பளையிடம் போனாய் என்று ஒருத்தன் கேட்டானாம், ஏதோ ஒருத்தி என்று சொல்லிவைத்தாராம். "எட்டாவது நாளு இல்லன்னான். சந்தோசப்படணும்ல? ஆஸ்பத்திரிப் படிக்கட்டுல உக்காந்து அழுதேன்டா. நீ மட்டும் ஒத்தையா அங்க போய்ட்டியேன்னு." அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "யாராண்டருந்து வந்திச்சுன்னு கேக்க மாட்டேன். அல்லா மேல ஆணையா கேக்க மாட்டேன். கேக்கறதுக்கு வர்ல. கூட உக்கார வந்தேன்."

சுப்பராமனுக்குச் சிரிப்பு வந்தது, அது சிரிப்புதானா என்று நிச்சயமில்லை, தோள் குலுங்கியது, மூக்கில் நீர் வந்தது, வயிற்றில் நாலு இட்லி குதித்தது. "சர்க்கரை, சர்தார்," என்றார். இன்னாது. "சர்க்கரை வியாதி. இருநூத்தி எண்பது. மயிலாப்பூர்ல ஆத்துக்கு ஒருத்தருக்கு இருக்கே, அது. அதுல எடை எறங்கும்." சர்தார் அவரையே பார்த்தார், வேப்பமரத்தைப் பார்த்தார், தாளை எடுத்து உறையில் போட்டார், திரும்ப எடுத்தார். "அத்த சொல்றதுக்கு இன்னா கேடு உனக்கு? எட்டு நாளு! சோறு எறங்கல எனக்கு! ஒரு கஸ்டமருக்குக் கை ஒண்ணு நீளம் கை ஒண்ணு குட்டையா தெச்சுட்டேன்!" திட்டத் திட்ட அவர் குரல் லேசாகிக்கொண்டே போனது, அந்த லேசைக் கேட்க எவ்வளவு இதமாக இருக்கிறது, இப்படியே இருந்துவிடலாம், சர்க்கரையோடு நிறுத்திவிடலாம், இரண்டு பேரும் சிரித்துவிட்டு... "அப்ப ஏன் மேல வர்ல?" என்றார் சர்தார்.

இதோ. ஒன்பது பத்து. நாற்பது நிமிடம் இருக்கிறது, நடக்கக்கூடாது, எங்கேயும் போகமுடியாது. டாக்டரிடம் சொல்வதற்காக ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் மனப்பாடம் செய்துவைத்திருந்தார், அது இங்கே செல்லாது, தமிழில் இதற்கு என்ன வார்த்தை, சுவர் நோட்டீஸில் போட்டிருக்கிற வார்த்தையா, அதை இந்த மனுஷனிடம் சொல்வதா. "என்னால முடியலை," என்றார். இன்னா முடியல. "முடியலைன்னா... முடியலை. பிப்ரவரில பாத்தியே. அன்னிக்கி மட்டும் இல்லை. அதுக்கு முன்னாடியும் நான் சமாளிச்சிண்டு இருந்தேன். இப்போ சுத்தமா..." கை தானாக மடியில் விழுந்து விரிந்தது. சர்தார் சிரிக்கவில்லை. ஒரு ஆட்டோ சந்துக்குள் நுழைந்து திணறித் திரும்பிப் போனது. "இதுக்கா நாலு மாசம்?" என்றார் அப்புறம், மெதுவாக. "எனக்கு மட்டும் தெனம் கொடியேத்தமா நடக்குது? அறுவத்தியோரு வயசு. ஒண்ணுக்குப் போறதுக்கே அஞ்சு நிமிசம் செவுத்தப் பாத்து நிக்கணும், பேச்சு குடுத்தா அதுவும் நின்னுடும். ரெண்டு வருசமா பாதி நாளு அரகொறதான், நீ கவனிக்கல." நான் கவனிக்கவில்லை. உண்மையாகவா? இருபத்திரண்டு வருடமாகத் தெரிந்த உடம்பு, எங்கே மச்சம், எங்கே பழைய ஊசித் தழும்பு, இடது தோள் எவ்வளவு உயரும் என்றெல்லாம் தெரியும், இதைக் கவனிக்கவில்லை, என் கவலையிலேயே இருந்திருக்கிறேன், அவர் சமாளித்ததும் எனக்குத் தெரியவில்லை, நான் சமாளித்ததும் அவருக்குத் தெரியவில்லை, இரண்டு கிழவர்கள் ஒரே பாயில் ஒருவரை ஒருவர் ஏமாற்றிக்கொண்டு... "நீ எதுக்கு வர்றேன்னு நெனச்சுகினு கீற?" என்றார் சர்தார். "ஞாயித்துக்கெழம ரெண்டு மணி ஆனா எனக்குக் காது தானா படிக்கட்டுக்குப் போய்டுது. நாலு மாசமா படுத்தா தூக்கம் இல்ல, யாரு முதுகுல கையப் போட்டுகினு தூங்கறது, துணி பேல் மேலயா?" பொட்டலத்தை எடுத்து அந்தப் பக்கம் வைத்தார். நடுவில் இப்போது ஒன்றும் இல்லை, தொட்டுக்கொள்ளவும் இல்லை, பட்டப்பகல், எதிர் ஓட்டல் வாசலில் ஆட்கள். "டாக்டராண்ட கேளு. மருந்து இருந்தா சாப்டு. இல்லாட்டி போவுது." எப்படிக் கேட்கிறது, என் அட்டையில் கோடு போட்டிருக்கா, என்றார் சுப்பராமன், கல்யாணம் ஆகலைன்னா அந்தக் கேள்வியே கெடையாது. "நீ இன்னா, பேரா சொல்லப் போற? முடியலன்னு சொல்லு. யாராண்டன்னு அவுரு கேட்டா அது அவுரு கொழுப்பு."

ஒன்பது ஐம்பது ஆவதற்கு முன்னாலேயே நர்ஸ் கூப்பிட்டுவிட்டாள். சர்தார் எழுந்து, சுப்பராமனின் சட்டைக் கையை மடித்துவிட்டார், தையல்காரன் கை, இரண்டே மடிப்பு, பார்ப்பவர்களுக்கு அதில் ஒன்றும் இல்லை. உள்ளே பினாயில் வாசனை, ரப்பர் பட்டை, முஷ்டிய மடக்குங்க சார். ஊசி இறங்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வது வழக்கம், இன்றைக்குப் பார்த்துக்கொண்டிருந்தார், கருஞ்சிவப்பாக ஏறுகிறது, இதில் எல்லாம் எழுதியிருக்கும் போல, சர்க்கரை எவ்வளவு, வேறு எது இல்லை... சர்தார் போய்க் கொடுத்தாரே, தனியாக, பயந்துகொண்டு. உனக்கு இருந்தால் எனக்கும் இருக்கும் என்றார். சரி. ஆனால் பேப்பரில் நானும்தான் ஆறு வருடமாகப் படிக்கிறேன், எனக்கு ஒருநாளும் அந்தப் பயம் வந்ததில்லை, ஏன் வரவில்லை, சர்தாருக்கு என்னைத் தவிர யாரும் இல்லை என்பதால். சர்தாருக்கு அந்தப் பயம் வந்ததே, என் இடுப்பு அளவிலிருந்துதான் வந்ததா? அல்லது வேறு எங்கிருந்தாவதா? எண்பத்தெட்டில் எட்டு மாதம் பம்பாயில் மச்சான் கடையில் இருந்தார், மூன்று கடிதம் போட்டார், திரும்பி வந்த முதல் ஞாயிறு கதவுப் பக்கம் தலைகுனிந்து நின்றார், பிரயாணக் களைப்பு என்று நினைத்தேன்... கேட்க மாட்டேன் என்று ஆணையிட்டவர், எதைத் தடுக்க ஆணையிட்டார், அவர் என்னைக் கேட்பதையா, நான் அவரைக் கேட்பதையா? கை தளர விடுங்க சார், என்றாள் நர்ஸ், முடிஞ்சிடுச்சு. வெளியே சர்தாரின் குரல், மாணிக்கவாசகம் திரும்பி வந்திருக்க வேண்டும், "யாரு சார் இந்த பேண்ட்ட தெச்சது, சீட்டுல இம்மாம் தொங்குது, கழட்டிக் குடுங்க, நான் சரி பண்ணித் தரேன்," "இங்கேயேவா!" என்று மாணிக்கவாசகம் சிரிக்கிறார். பஞ்சை அழுத்திப் பிடித்தபடி சுப்பராமன் அப்படியே உட்கார்ந்திருந்தார், எழுந்தால் மாடியில் டாக்டர், வெளியே போனால் சர்தார், இரண்டு இடத்திலும் ஒரு கேள்வி, டாக்டரிடம் இன்றைக்கு எப்படியும் கேட்டுவிடுவோம் என்று தெரிந்தது, அது இப்போது பெரிதாகத் தெரியவில்லை, இன்னொன்று, அந்தப் பம்பாய்க் கேள்விதான்... வலிக்குமோ என்று அந்த இடத்தை நெஞ்சுக்குள் மெல்ல அழுத்திப் பார்த்தார், வலித்தது, ஆனால் நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை என்ற நினைவும் அதே இடத்தில்தான் இருந்தது, எது எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.